ஏழரைத் தளபதிகளும் ஒரு மரப்படகும்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில், வாரத்துக்கான மாத்திரைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எண்ணிக்கை தவறிவிட்டது. யாராக இருந்தாலும் திட்டுவது என்று முடிவு செய்துதான் எடுத்தேன்.

"அங்கிள், நான் லெப்டினன் யாழினி பேசறேன். ஹெட்குவார்ட்டர்ஸ்ல ஹிஸ்டரி யூனிட். நீங்கதானே பங்ளிமா கார் ஓட்டுன மணியம் அங்கிள்?"

"ஓட்டினேன். இப்ப ஓட்டல. ஏன், கார்ல கீறல் இருக்குன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

அந்தப் பெண் சிரித்தார். பங்ளிமாக்களின், அதாவது கடற்படைத் தளபதிகளின், படங்களைப் பழைய தாழ்வாரத்திலிருந்து ஒரு புதிய கூடத்துக்கு மாற்றப்போகிறார்களாம். பழைய ஆட்களின் அனுபவங்களையும் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"எத்தன பங்ளிமாவுக்கு ஓட்டினீங்க அங்கிள்?"

"ஏழரை."

"அதான் அங்கிள், அந்த அரைதான் பிரச்சன. அவரு படத்த மாட்டறதா வேணாமான்னு கமிட்டி உக்காந்திருக்கு. நீங்க எழுதுங்களேன்."

சமையலறையிலிருந்து என் மனைவி, "ஏழரைன்னா சனிதான். வேற யாரு?" என்று குரல் கொடுத்தாள். அவளுக்குச் சோதிடத்தில் நம்பிக்கை. எனக்கு எண்ணிக்கையில்தான். எனவே ஏழு முழுத் தளபதிகளையும் ஓர் அரைத் தளபதியையும் பற்றி எழுதுகிறேன். பெயர்களை எழுதமாட்டேன். வண்டிக்குள் கேட்டதை வெளியே சொல்லாதவன் என்றுதான் எனக்கு அத்தனை ஆண்டு வேலை இருந்தது. முதலாமவர், இரண்டாமவர் என்று எண்ணால் சொல்கிறேன். நடுவில் வருபவர் அரையவர்.

கிள்ளானில் வளர்ந்தவன் நான். அப்பா துறைமுக ரயில் பாதையில் வேலை செய்தார். பள்ளி விட்டதும் கப்பல் புகைபோக்கிகளை எண்ணுவது என் பொழுதுபோக்கு. கடலில் போகவேண்டும் என்றுதான் கடற்படையில் சேர்ந்தேன். சிங்கப்பூர்த் தளத்தில் பயிற்சி. அங்கே ஒரு தவறு செய்தேன்: லோரி ஓட்டும் உரிமம் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னதற்கு அவ்வளவு விரைவாக வேறு எங்கும் தண்டனை கிடைத்ததில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் கப்பலேறினார்கள். நான் போக்குவரத்துப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்து கோலாலம்பூர் தலைமையகம். கடற்படையில் இருந்த காலம் முழுவதும் நான் கடலில் போன பயணங்கள் மொத்தம் இரண்டு: போர்ட் கிள்ளானிலிருந்து கேத்தாம் தீவுக்குப் பயணிகள் படகில் போக ஒன்று, வர ஒன்று. இரண்டிலும் வாந்தி எடுத்தேன்.

ஆனால் இந்தக் குறை எனக்கு மட்டும் உரியதல்ல என்பதைத் தலைமையகம் வந்தபின் தெரிந்துகொண்டேன். கடற்படையில் ஒருவர் எவ்வளவு உயர்கிறாரோ அவ்வளவு கடலைவிட்டுத் தள்ளிப் போகிறார். எல்லாருக்கும் மேலே இருக்கும் தளபதியின் அறைச் சன்னலிலிருந்து பார்த்தால் தெரிவது வாகன நெரிசல்.

அந்தப் பதவியின் வரலாற்றை அதிகாரிகள் வேறு விதமாக எழுதுவார்கள். நான் பலகையை வைத்துச் சொல்கிறேன். தளபதியின் காருக்கு முன்னால், எண் தகடு போலவே, நீலப் பலகை ஒன்று இருக்கும். அதில் பதவிக்கேற்ற நட்சத்திரங்கள். ஆரம்பத்தில் இரவல் வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் காலத்தில் நட்சத்திரத்துக்குத் தேவையே இருக்கவில்லை என்பார்கள் மூத்த ஓட்டுநர்கள். பிறகு நம் நாட்டவர் வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, கடைசியில் நான்கு. ஒவ்வொரு முறையும் புதிய பலகை. கப்பலுக்கு ஆணை கொடுத்தால் வந்து சேர எத்தனையோ காலம் ஆகும். பலகை மட்டும் சொன்ன வாரத்தில் வந்துவிடும்.

மொத்தம் எத்தனை தளபதிகள் என்று கேட்டால் தலைமையகத்திலேயே இரண்டு கட்சி. இரவல் வந்தவர்களைச் சேர்த்து எண்ணுபவர்கள் ஒரு கட்சி, நம்மவரிலிருந்து தொடங்குபவர்கள் இன்னொரு கட்சி. இப்படிப்பட்ட இடத்தில் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

பலகைக்கு ஒரு கறுப்புத் துணி உறை உண்டு. நான்கு பொத்தான்கள். விதி இதுதான்: தளபதி வண்டிக்குள் இருந்தால் நட்சத்திரங்கள் தெரியவேண்டும். இல்லாவிட்டால் மூடியிருக்கவேண்டும். நட்சத்திரம் தெரியும் வண்டிக்கு வாயிற்காவலர் விறைத்து நின்று சலாம் வைப்பார். மூடிய வண்டி காலி வண்டி. அதற்குச் சலாம் இல்லை, சோதனை உண்டு. தளபதியின் இரண்டு காலணிகளும் உள்ளே போனதைப் பார்த்துக் கதவைச் சாத்தவேண்டும். வண்டியின் பின்புறமாகச் சுற்றி முன்னால் வரவேண்டும். மேலிரண்டு பொத்தான், பிறகு கீழிரண்டு. உறையை நான்காக மடித்து முன்னிருக்கைப் பெட்டியில் வைக்கவேண்டும். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். ஐந்தாமவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தே தாரிக் எனும் ஆற்றிய தேநீர் குடிக்க விரும்புவார். "மூடு, மணியம்" என்பார். மூடியதும் அவர் தளபதி இல்லை. நிம்மதியாக இரண்டு குவளை குடிப்பார்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நெற்றிதான். முகத்தைப் பார்க்கும்படி கண்ணாடியைத் திருப்பக்கூடாது என்பது கமாண்டர் சேவியரின் உத்தரவு. நான்காமவர் வாழ்நாளெல்லாம் கப்பல் ஓட்டியவர். சுபாங் வளைவில் என்னிடம் "ஸ்டார்போர்ட் டென்" என்பார். நான் சிக்னல் போட்டு வலப்பக்கம் திரும்புவேன். இருவருக்கும் திருப்தி.

கமாண்டர் சேவியர்தான் சடங்குப் பிரிவின் தலைவர், நான் 'துவான்' (ஐயா) என்று அழைக்கும் நேர் மேலதிகாரி. பிரிக்பீல்ட்ஸ்காரர், நம் தமிழர். சட்டைப் பையில் எப்போதும் அளவுநாடா. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாமே குனிந்து அளப்பார். கோபம் வந்தால் குரல் தாழும். மிகக் கோபம் வந்தால் எதுவும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பக்கத்து அறை எழுத்தர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்குக் காரணம் ஒன்றே. நானும் அளப்பவன்.

எங்கள் இருவருக்கும் பொதுவான பெரிய கவலை படகு.

தளபதி ஓய்வு பெறும்போது அவரைப் படகில் ஏற்றி, அதிகாரிகளே துடுப்புப் போட்டுக் கரை சேர்ப்பது கடற்படைகளில் பழைய வழக்கம். கோலாலம்பூரில் அதற்குத் தண்ணீர் இல்லை. எனவே ஒரு பழைய மரப்படகை நான்கு சக்கரச் சட்டத்தில் ஏற்றி வைத்திருந்தோம். சக்கரம் தெரியாமல் சுற்றிலும் நீலத் துணி, அதில் வெள்ளைச் சாயத்தில் அலைகள். முன்னால் இரண்டு வடக்கயிறுகள், கயிற்றுக்குப் பன்னிரண்டு அதிகாரிகள். வாசல் முகப்பிலிருந்து கொடிமரம் வழியாக வெளிவாயில் வரை இழுத்துப் போவார்கள். தளபதி பின்பக்க இருக்கையில் உட்கார்ந்து கையசைப்பார்.

இதில் யாருக்கும் சொல்லாத ஒன்று உண்டு. கொடிமரத்தைத் தாண்டினால் இறக்கம். தளபதியை அதிகாரிகள் இழுப்பது போய், தளபதி அதிகாரிகளை இடித்துத் தள்ளும் நிலை வரும். அதற்காகப் பின்சக்கரத்துக்கு ஒரு தடை, அதை இயக்க ஒரு நீண்ட இரும்புப் பிடி. அந்தப் பிடியைப் பிடித்துக்கொண்டு தளபதியின் காலடியில் ஒருவன் ஒளிந்து குந்தியிருக்கவேண்டும். அந்த ஒருவன் நான். ஒத்திகையில் தளபதிக்குப் பதிலாக அவர் எடைக்கு அரிசி மூட்டைகளை இருக்கையில் அடுக்குவோம். மூன்றாமவருக்குத்தான் அதிக மூட்டைகள். பின்னால் எடை குறைந்தால் சக்கரம் வழுக்கும், தடை பிடிக்காது. ஆகவே மூட்டைக் கணக்கு தப்பக்கூடாது.

இப்படியாக நாட்டின் கடற்படைத் தளபதிகளில் ஏழு பேரின் நெற்றிகளையும் ஆறு பேரின் காலணிகளையும் மிக அருகில் அறிவேன். நடுவில் உள்ளதை மக்கள் பத்திரிகைப் படங்களில் பார்த்துக்கொண்டார்கள்.

காலணிக் கணக்கில் ஒன்று குறைவதற்குக் காரணம் ஆறாமவர். அவரைத் திடீரென்று இன்னும் பெரிய பதவிக்கு எடுத்துக்கொண்டார்கள். மேலே போகிறவருக்குப் படகு கிடையாது. கரையேறுகிறவருக்குத்தான். அவர் போய்விட்டார். அடுத்தவரின் நியமனக் கடிதம் வரவில்லை. அதுவரை துணைத் தளபதி பொறுப்பைப் பார்ப்பார் என்று அறிவிப்பு வந்தது. அவர்தான் அரையவர்.

ஒல்லியான மனிதர், கிழக்குக் கரைக்காரர், டத்தோ பட்டம் பெற்றவர். இனிமையான மலாயில் மெதுவாகப் பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதிவிடுகிறேன்.

முதல்நாளே சிக்கல். தளபதியின் வண்டியில்தான் அவர் போகவேண்டும், ஏனென்றால் பாதுகாப்புத் தொலைபேசி அதில்தான் இருந்தது. ஆனால் அவருக்கு மூன்று நட்சத்திரம், பலகையில் நான்கு. கமாண்டர் சேவியர் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார்.

"உறைய எடுக்காத மணியம்."

"துவான், ஆளு உள்ள இருக்காரே?"

"ஆளு இருக்காரு. நாலு ஸ்டார் இல்ல."

"மூணு ஸ்டார் பலகைய மாட்டிடவா?"

"அது பங்ளிமா கார் லா. மூணு ஸ்டார் போட்டா பதவியையே இறக்குன மாதிரி ஆயிடும்."

ஆகவே மூடியே போனோம். விதிப்படி அந்த வண்டி காலி. வாயிலில் கோர்ப்ரல் ரவி கையைக் காட்டி நிறுத்தினான்.

"என்னண்ணே, காலி வண்டிய எங்க ஓட்டிட்டுப் போறீங்க? பூட்ட தொறங்க."

"பின்னால பாருடா."

பார்த்தான். சலாம் வைக்கக் கை பாதி தூக்கினான். பலகையைப் பார்த்தான். மூடியிருக்கிறது. கை அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

அரையவர் கண்ணாடியை இறக்கினார். "காலி வண்டியைச் சோதிப்பதுதானே விதி? சோதி, கோர்ப்ரல். மணியம், பின்பெட்டியைத் திற."

திறந்தேன். உள்ளே ஒரு மாற்றுச் சக்கரமும் என் குடையும் இருந்தன. அதற்குப்பின் ஒவ்வொரு காலையும் ரவி பின்பெட்டியைத் திறந்து அந்தக் குடைக்குப் பெரும் மரியாதையோடு தலையசைப்பான்.

உணவகத்தில் மற்ற ஓட்டுநர்கள் என்னை விடவில்லை. பழனி என்பவன் துணைத் தளபதியின் வழக்கமான ஓட்டுநர். ஆளை என்னிடம் பறிகொடுத்துவிட்டு, கடுப்பில் இருந்தான். "டேய் மணியம், ஒன் கார்ல பேய் போகுதாமே? ரவி சொன்னான். எங்க டத்தோவ நல்லா வெச்சிருந்தேன்டா நான். நீ ஆள மறைச்சு ஓட்டற."

நான் தட்டிலிருந்ததை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று கோழிக் கறியில் துண்டுகள் இரண்டு குறைவு, அந்தக் கவலை எனக்கு.

அந்த இடைக்காலத்தில்தான் கிழக்குக் கரையில் பருவமழை கடுமையாக அடித்தது. மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்து, பதினொரு பேர் காணவில்லை. தேடுதலைத் தலைமையகத்திலிருந்து நடத்தினார்கள். அரையவர் கட்டுப்பாட்டு அறையைவிட்டு வரவில்லை. வண்டிக்கு வரும்போதும் தொலைபேசி காதில்தான். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை?" ஆறு என்றார்கள். பிறகு ஒன்பது. அடுத்த நாள் பத்து. பத்து வந்ததும் சில அதிகாரிகள் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் கதவருகே நின்றிருந்தேன். அரையவர் கை கொடுக்கவில்லை. "பதினொன்று என்றுதானே சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எண்ணத் தெரிந்த ஒருவரை அந்தக் கட்டடத்தில் அதுவரை நான் கமாண்டர் சேவியரைத் தவிர வேறு எங்கும் கண்டதில்லை.

பதினோராவது ஆள் ஒரு மிதவையைப் பிடித்தபடி கிடைத்தான், உயிரோடு.

அன்று பகலில் வெளியே வந்த அரையவர், "தண்ணீர் தெரியும் இடமாகப் பார்த்து ஓட்டு, மணியம்" என்றார். கூட்டரசு நெடுஞ்சாலையைப் பிடித்து, ஷா ஆலம் தாண்டி, போர்ட் கிள்ளானுக்கு ஓட்டினேன். வானொலியில் மலாய்ச் செய்தி. கிள்ளான் பாலத்தில் வண்டிகள் நின்றிருந்தபோது, செய்தி வாசிப்பவர் புதிய கடற்படைத் தளபதியின் பெயரை அறிவித்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் பெயர் அல்ல.

வானொலியை அணைக்கக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும். சத்தத்தைக் கூட்டு."

கூட்டினேன். முழுவதையும் கேட்டார். கண்ணாடியில் நெற்றி அசையவில்லை. "நல்ல மனிதர். எனக்கு இரண்டு அணி பின்னால் பயிற்சிக்கு வந்தவர்" என்றார். படகுத்துறையில் இறங்கி ஒரு கடையில் உட்கார்ந்தோம். கேத்தாம் தீவுப் படகு புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"நீ எந்தக் கப்பலில் இருந்தாய், மணியம்?"

"அதோ போகிறதே, அதில்தான் டத்தோ. இரண்டு முறை."

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்று ஒருமுறைதான் பார்த்தேன்.

ஏழாமவர் பதவியேற்றார். நான் உறையைக் கழற்றினேன். ரவி நிம்மதியாகச் சலாம் வைத்தான். அரையவர் தன் மூன்று நட்சத்திர வண்டிக்கும் பழனிக்கும் திரும்பினார். கொஞ்ச காலத்தில் அவரும் ஓய்வு பெறும் நாள் வந்தது. அப்போதுதான் கட்டடம் இரண்டாகப் பிரிந்தது.

துணைத் தளபதிகளுக்குப் படகு கிடையாது. தேநீர், ஒரு கேடயம், ஒரு படம், முடிந்தது. ஆனால் இவர் பொறுப்புத் தளபதியாக இருந்தவர் என்றது ஒரு தரப்பு. பொறுப்பு வேறு, பதவி வேறு என்றது இன்னொன்று. இன்று இவருக்குப் படகு கொடுத்தால், நாளை தளபதி விடுமுறையில் போனபோது தொலைபேசி எடுத்தவனெல்லாம் படகு கேட்பான் என்றார் ஒருவர். அரையவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. குழு மூன்று முறை கூடியது. கப்பல் வாங்கவே அத்தனை முறை கூடுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

கமாண்டர் சேவியர் என்னைக் கூப்பிட்டார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"மணியம், படகு உண்டு. கொடிமரம் வரைக்கும். அங்கேருந்து கேட் வரைக்கும் கார்."

"பாதித் தளபதிக்குப் பாதி வழியா, துவான்?"

கண்ணாடியைத் துடைத்தார். "நான் சொல்லல. நீயும் சொல்லாத. கொடிமரத்துல பிரேக்க பிடிச்சா போதும்."

அரையவர் எடைக்கு மூட்டை அடுக்கி ஒத்திகை பார்த்தோம். கொடிமரம் வரைக்கும்தான் பார்த்தோம். இறக்கத்துக்கு அவசியமில்லை என்றார்கள்.

அன்று நல்ல வெயில். வெள்ளைச் சீருடையில் நான் இருக்கைக்கடியில் குந்தியிருந்தேன். அரையவரின் காலணிகள் என் முகத்துக்கு எதிரே. இடது காலணியில் நாடாத் துளை ஏழு, வலதிலும் ஏழு, ஒழுங்கு. வாத்தியம் முழங்கியது. படகு நகர்ந்தது. கயிற்றில் இருந்த அதிகாரிகளில் பலர், பதினொன்று என்று சொன்ன நாளில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வேண்டுமென்றே மெதுவாக இழுத்தார்கள். பாதி வழியை முழு வழியாக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் கொடிமரம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

தடையைப் பிடித்தேன். படகு நின்றது. பழனி அங்கே வண்டியோடு நின்றிருந்தான். பலகை மூடியிருந்தது. ஆள் இன்னும் உள்ளே ஏறவில்லையே.

அரையவர் படிக்கட்டு வைத்து இறங்கினார். பழனி கதவைத் திறந்தான். அவர் திறந்த கதவைப் பார்த்தார், மூடிய பலகையைப் பார்த்தார். பிறகு கமாண்டர் சேவியர் பக்கம் திரும்பினார்.

"படகில் உட்காரத்தானே குழுவின் அனுமதி வேண்டும்? கயிறு பிடிக்க?"

கமாண்டருக்கு விதிகள் எல்லாம் மனப்பாடம். மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பணியில் உள்ள எந்த அதிகாரியும் பிடிக்கலாம், டத்தோ."

"நான் இன்னும் வாயிலைத் தாண்டவில்லையே."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய், வலப்பக்கக் கயிற்றின் கடைசியில் பதின்மூன்றாவது ஆளாகக் கை வைத்தார். முன்னாலிருந்த பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன பார்க்கிறீர்கள்? இழுங்கள்" என்றார்.

இழுத்தார்கள். முன்னால் இறக்கம், பின்னால் எடை இல்லை. கமாண்டர் சேவியர் படகோடு கூடவே நடந்தபடி, உதடு அசையாமல் சொன்னார்:

"மணியம், மேல ஏறி உக்காரு. வெயிட் இல்லன்னா வீல் வழுக்கும்."

"அது பங்ளிமா சீட்டு, துவான்!"

"இப்ப அது அரிசி மூட்ட சீட்டு. ஏறு லா!"

ஏறினேன். இரண்டு கைகளாலும் பிடியை இழுத்துப் பிடித்தபடி, தளபதியின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிமிராவிட்டால் வழி தெரியாது. வாத்தியக் குழுவுக்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். இருபத்து நான்கு அதிகாரிகளும் மூன்று நட்சத்திரக்காரர் ஒருவரும் சேர்ந்து, போர்க்கப்பலே ஏறாத ஓர் ஓட்டுநரைக் கரை சேர்த்தார்கள். பழனி வாயைத் திறந்தபடி காலி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். வாயிலில் ரவி. படகு வந்தால் சலாம் வைக்கவேண்டும் என்பது நிலையாணை. படகில் யார் என்று நிலையாணையில் இல்லை. விறைத்து நின்று சலாம் வைத்தான். எனக்குப் பதில் சலாம் வைக்கக் கை இல்லை.

வாயிலைத் தாண்டியதும் அரையவர் கயிற்றை விட்டார். உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம், "கரை வந்துவிட்டது, மணியம். இறங்கலாம்" என்றார். வெளியே அவர் மனைவி தங்கள் சிறிய காரில் காத்திருந்தார், கையில் ஒரு கேமரா. அரையவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, தாமே ஓட்டிக்கொண்டு போனார். சிக்னல் போட்டுத்தான் திரும்பினார்.

அதற்குப்பின் அவரைப் பார்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் காலமானார் என்று பழனி சொன்னான். அவர் மனைவி, டத்தின், இப்போது காஜாங்கில் இருக்கிறார்.

புதிய கூடத்தைப் பற்றிக் குழு கடைசியில் என்ன முடிவு செய்தது என்று யாழினியிடம் கேட்டேன். "முழுசா பதவியேத்தவங்க படம் மட்டும்தான் அங்கிள். சாரி." பிறகு அவரே தொடர்ந்தார்: "ஆனா நான் டத்தினைப் போய் பாத்தேன். அவங்க ஒரு போட்டோ குடுத்தாங்க. 'இதுல அவர் தளபதியா இல்ல, கயிறு இழுக்கறவராத்தான் இருக்காரு. இத மாட்டறதுக்கு ஒங்க கமிட்டிக்கு என்ன தடை?'ன்னு கேட்டாங்க. கமிட்டி ரூல் புக்க பொரட்டிப் பாத்துச்சு, தடை ஒண்ணும் இல்ல."

சென்ற வாரம் கூடத்தைத் திறந்தார்கள். அழைப்பிதழ் வந்தது, போனேன். குளிரூட்டியில் என் முழங்கால் வலித்தது. நாற்காலிகள் நேர்க்கோட்டில் இல்லை. கமாண்டர் சேவியர் இருந்திருந்தால் தாங்கியிருக்கமாட்டார். படங்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகடு, அதில் வரிசை எண். ஆறாமவருக்கும் ஏழாமவருக்கும் நடுவில் அந்தப் படம்.

வலப்பக்கக் கயிற்றின் கடைசியில், தலை குனிந்து, முதுகு வளைய இழுத்துக்கொண்டிருக்கிறார் அரையவர். முகம் பாதிதான் தெரிகிறது. படகின் இருக்கையிலோ, வெயில் முழுவதும் மேலே விழ, வெள்ளைச் சீருடையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மிகுந்த கவலையோடு முன்னால் பார்க்கும் மனிதன் நான். மற்ற எல்லாத் தளபதிகளையும்விட நான் தளபதி மாதிரி இருக்கிறேன். தடைப்பிடி படகின் விளிம்புக்குக் கீழே மறைந்துவிட்டது.

அந்தப் படத்தின் தகட்டை மட்டும் ஒரு கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள்.

"அது என்னம்மா?"

"எண் போடறதா வேணாமான்னு இன்னும் முடிவாகல அங்கிள். போட்டா அடுத்து வர்ற எல்லா நம்பரும் மாறிடும். அதுவரைக்கும் மூடி வெச்சிருக்கோம்."

மூடிய பலகைக்குச் சலாம் வைக்கத் தேவையில்லை. உள்ளே ஆள் இல்லை என்று பொருள். விதி எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருந்தாலும் குதிகாலைச் சேர்த்து நின்று, கயிற்றின் கடைசி ஆளைப் பார்த்துச் சலாம் வைத்தேன்.

பின்னால் யாரோ ஓர் இளம் அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "படகுல இருக்கறது அவரேதான் லா. தன் படத்துக்குத் தானே சலாம் வைக்கறாரு, பாவம்."

கையை நான் இறக்கவில்லை.